கம்பி இருக்கும் இடத்தில்

எலும்புக்கூடு தானாக நிற்காது. மருத்துவக் கல்லூரியின் அனாட்டமி துறையில், கண்ணாடி அலமாரிக்குள் நிற்பதாகத் தெரிவது உண்மையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மண்டை உச்சியில் ஒரு கொக்கி. முள்ளெலும்புகளின் நடுத் துவாரம் வழியாக இறங்கும் ஓர் இரும்புக் கம்பி. விலா எலும்புகளைக் கோத்திருக்கும் பித்தளைக் கம்பி. கீழ்த்தாடை விழாமல் இருக்க இருபுறமும் ஸ்பிரிங். முள்ளெலும்புகளுக்கு இடையில் வட்டம் வட்டமாக வெட்டி வைத்த தடித்த கம்பளித் துணி. இதையெல்லாம் உருவிவிட்டால் தரையில் ஒரு குவியல் எலும்புதான் கிடக்கும்.

முதலாண்டு மாணவர்களுக்கு எலும்பியல் நடத்திய காலம் முழுக்க, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நான் தவறாமல் கேட்ட கேள்வி இதை வைத்துத்தான்: “இங்க கம்பி போட்டிருக்கு. ஆள் நடமாடிட்டு இருந்தப்போ இந்த இடத்துல என்ன இருந்துச்சு?” எலும்பின் பெயர், வலமா இடமா, எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று மளமளவென ஒப்பிக்கும் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் திகைத்துவிடுவார்கள். பிளஸ் டூவிலேயே மனப்பாடமான 206 என்ற எண்ணோடு வருகிறவர்கள் அவர்கள். அந்த 206-ஐயும் ஓர் ஆளாகச் சேர்த்து வைத்திருப்பவை லிகமென்ட் என்கிற நார்க்கட்டுகள். ஓர் எலும்பிலிருந்து அடுத்த எலும்புக்கு ஓடும் அந்த வெள்ளை நார்களைப் பற்றிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும், கையில் இருக்கும் காய்ந்த எலும்பில் அவை இல்லை. கண்ணில் படாததைப் படி என்றால் யாருக்குத்தான் மனதில் நிற்கும்?

நாங்கள் படித்த காலத்தில் கல்லூரியில் சேர்ந்ததும் வரும் முதல் பெரிய செலவு போன் செட். ஒரு மண்டையோடு, முள்ளெலும்புகள், ஒரு பக்கத்துக் கை கால் எலும்புகள் கொண்ட ‘ஹாஃப் செட்’டை சீனியரிடமிருந்து வாங்குவோம். அவர் அதை அவருடைய சீனியரிடம் வாங்கியிருப்பார். விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோனபோது, என் பாட்டி அந்தப் பையைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடவில்லை. தேர்வுக்கான படிப்பு முழுக்கத் திண்ணையிலேயே நடந்தது. அன்று உலகம் முழுக்கப் போன மருத்துவ எலும்புகளில் பெரும்பகுதி கல்கத்தாவிலிருந்துதான் கப்பலேறியது. 1985-ல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்தது.

என் செட்டில் பல கைகளின் பென்சில் கோடுகள் இருந்தன. தசை தொடங்கும் இடத்துக்குச் சிவப்பு, முடியும் இடத்துக்கு நீலம். லிகமென்டுக்குப் பச்சை என்று எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆனால் அந்தச் செட்டில் பச்சைக் கோடு அநேகமாக இல்லை. எனக்கு முன்னால் அதை வைத்துப் படித்த யாரும் அதுவரை போகவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது.

எலும்புகளைக் கம்பியால் கட்டி நிறுத்தும் வேலை பழையது. நவீன உடற்கூறியலின் தந்தை எனப்படும் வெசேலியஸ், தன் பெரிய நூல் அச்சான 1543-ஆம் ஆண்டிலேயே பாசெல் நகரில் மரண தண்டனை பெற்ற ஒருவரின் உடலை அறுத்து, எலும்புகளைக் கோத்து நிறுத்தினார். அந்த எலும்புக்கூடு பாசெல் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எலும்பை எப்படி வேகவைத்துச் சுத்தம் செய்வது, எப்படிக் கோப்பது என்பதைக்கூட அவர் தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் துறையில் அந்தக் கலையைக் கையில் வைத்திருந்தவர் ஓர் அட்டெண்டர். மாணவர்கள் அறுத்துப் படித்து முடித்த உடலின் பாகங்களைத் தொட்டித் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, சலவைச் சோடா போட்ட வெந்நீரில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, நிழலில் உலர்த்துவார். தண்ணீரில் போடுமுன் ஒவ்வொரு கையையும் ஒவ்வொரு பாதத்தையும் தனித்தனிக் கொசுவலைத் துணிப் பையில் கட்டிவிடுவார். மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்புகள். பையில் கட்டாவிட்டால் அவை முதலில் கழன்று தொட்டியின் அடியில் போய்விடும். வலக்கை எலும்பையும் இடக்கை எலும்பையும் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. மண்டையோட்டில் உதிர்ந்த பற்களை ஃபெவிக்கால் வைத்து அதனதன் குழியில் ஒட்டுவதும் அவர்தான். பல்லும் குழியும் சேர்வதுகூட ஒரு மூட்டுதான். அவற்றுக்கு இடையில் மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. அது காய்ந்துபோன பிறகு பல் நிற்க வழியில்லை.

எந்த மூட்டு எவ்வளவு பலம் என்பது அவருக்குக் கையால் தெரியும். “விரலெல்லாம் ஒடனே விட்டுரும் மேடம். இந்த இடுப்பும் முதுகும் சேருற எடம் இருக்கு பாருங்க, கடைசி வரைக்கும் விடாது” என்பார். அவர் சொன்னது முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டை. உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் அந்த வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. சேக்ரம் முன்பக்கம் சரியாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் நார்கள், உடலின் மிகப் பலமான நார்களின் வரிசையில் வருபவை. தடயவியல் துறையினரும் தொல்லியலாளரும் இதே அறிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். மண்ணில் கிடைக்கும் எலும்புக்கூட்டில் சீக்கிரம் கழலும் மூட்டுகள்கூட வரிசை மாறாமல் இருந்தால், உடல் அங்கேயே மட்கியது என்று ஊகிக்கலாம். அவை கலைந்து, விடாப்பிடியான மூட்டுகள் மட்டும் சேர்ந்திருந்தால் உடலை இடையில் யாராவது நகர்த்தினார்களா என்ற கேள்வி எழும்.

இனி கம்பி இருக்கும் இடங்களுக்கு வருகிறேன். முதலில் முள்ளந்தண்டு. கம்பளித் துணி வைத்திருக்கும் இடங்களில் உடலில் இருந்தவை டிஸ்க்குகள். 23 டிஸ்க்குகள் சேர்ந்து முள்ளந்தண்டின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நாள் முழுக்க எடை தாங்கி அவற்றிலிருந்து நீர் கசிவதால், காலையில் எழும்போது இருக்கும் உயரம் மாலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். முள்ளெலும்புகளின் முன்பக்கம் ஓர் அகலமான நார்ப்பட்டை மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. பின்பக்கம் ஓடும் பட்டை இடுப்புக்கு வரும்போது குறுகிவிடுகிறது. குனிந்து பாரம் தூக்கும்போது டிஸ்க் பிதுங்கினால், காவல் குறைந்த அந்தப் பின்பக்க ஓரமாகத்தான் பிதுங்கும். காலுக்குப் போகும் நரம்பின் வேர் இருப்பதும் அங்கேதான். இடுப்பில் பிடித்த வலி குதிகால் வரை ஏன் இறங்குகிறது என்று கேட்டால், அந்தக் குறுகிய பட்டையைத்தான் நான் வரைந்து காட்டுவேன்.

கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளைக் கையில் கொடுத்தால் மாணவர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். இரண்டாவதிலிருந்து பல்லைப் போல ஒரு முளை மேலே நீள்கிறது. முதலாவது எலும்பு அதைச் சுற்றி வளையமாகத் திரும்புகிறது. ‘இல்லை’ என்று தலையாட்டும் அசைவில் பெரும்பகுதி நடப்பது இங்கேதான். காய்ந்த எலும்பில் அந்த முளைக்குப் பின்னால் வெறும் ஓட்டை. உடலில் அந்த இடத்தில் குறுக்காக ஒரு நார்க்கட்டு முளையை முன்னால் அழுத்திப் பிடித்திருக்கிறது. அதற்குப் பின்னால் தண்டுவடம். முடக்குவாதத்தில் இந்த நார் தளர்ந்துபோவதுண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் மருத்துவர் கழுத்தை வளைக்கத் தயங்குகிறார், சந்தேகம் இருந்தால் முதலில் படம் எடுத்துப் பார்க்கிறார்.

தொண்டையில் ஹையாய்டு என்று ஒரு சிறிய எலும்பு. வேறு எந்த எலும்போடும் அதற்கு மூட்டு கிடையாது. நார்களும் தசைகளும் அந்தரத்தில் தாங்கிப் பிடித்திருக்கின்றன. எலும்புக்கூட்டில் தனிக் கம்பி போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பதால், பல துறைகளில் அது காணாமலே போயிருக்கும். பிரேதப் பரிசோதனையில் மட்டும் அதைத் தேடிப் பார்ப்பார்கள். கையால் கழுத்தை நெரித்த வழக்குகளில் அது முறிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கை உடம்போடு சேரும் விதத்தைப் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் தசைகளில் மிதக்கிறது. கைக்கும் உடற்கூட்டுக்கும் எலும்பு வழியான ஒரே தொடர்பு காறை எலும்பு. காறை எலும்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வெளி ஓரத்தில் ஒரு மேடும் அதிலிருந்து ஒரு சொரசொரப்பான கோடும் தெரியும். தோள்பட்டை எலும்பைக் காறை எலும்போடு கட்டியிருந்த இரண்டு நார்களின் தடம் அது. டூவீலரிலிருந்து விழுந்து கையை ஊன்றும்போது அடி இதே நார்கள் வழியாகக் காறை எலும்புக்கு ஏறுகிறது. நார் விட்டுக்கொடுப்பதில்லை, அதற்குச் சற்று உள்பக்கம் எலும்புதான் முறிகிறது. அப்படி விழுந்தவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, அடிபட்ட கையின் முழங்கையை மறு கையால் ஏந்திக்கொண்டே வருவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. முறிந்த எலும்பு தாங்காத பாரத்தை அவரே தாங்குகிறார்.

இடுப்பு மூட்டின் முன்பக்கம் தலைகீழ் ‘ஒய்’ வடிவில் ஒரு நார்க்கட்டு இருக்கிறது. பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் ஹென்றி பிகலோ, நழுவிய இடுப்பு மூட்டைத் திரும்பச் சேர்ப்பதற்கு இந்த நாரைப் புரிந்துகொள்வதே சாவி என்று 1869-ல் ஒரு நூலே எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அதைச் சொல்கிறோம். நேராக நிற்கும்போது உடம்பின் எடை இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. பின்னால் சாயாமல் முன்பக்கம் விறைத்துப் பிடிப்பது இந்த நார். ரேஷன் கடை வரிசையில் மணிக்கணக்கில் நிற்க முடிவது தசைகளின் பலத்தால் மட்டும் இல்லை. அவ்வளவு நேரம் தசை மட்டும் வேலை செய்தால் சீக்கிரமே ஓய்ந்துவிடும். தொடை எலும்பின் மேல்பகுதியில் முன்பக்கம் சாய்வாக ஓடும் சொரசொரப்பான கோட்டைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். அந்த நாரின் அடி ஊன்றியிருந்த இடம் அதுதான்.

முழங்காலுக்கு ஒரு தந்திரம் உண்டு. உயரமான மேசையில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டுங்கள். கடைசிச் சில பாகைகளில் கீழ்க்கால் சற்று வெளிப்பக்கமாகத் திரும்பும். அந்தத் திருகலில் மூட்டின் நார்கள் எல்லாம் முறுக்கேறி மூட்டு பூட்டிக்கொள்கிறது. பூட்டைத் திறக்க முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிறு தசை இருக்கிறது. பள்ளிக்கூட அசெம்பிளியில் நேராக நிற்கும் பையனின் முழங்காலைப் பின்னாலிருந்து தட்டினால் அவன் சட்டென்று மடங்குவது, பூட்டிய மூட்டை எதிர்பாராமல் திறந்துவிடுவதால்தான். இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு வரும், பாடமும் நிற்கும்.

எங்கள் கல்லூரிக் கபடி அணியில் ஆடிய மாணவன் ஒருவன். ரெய்டு போனவன் காலை ஊன்றித் திரும்பும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டதாம், அன்றே முழங்கால் வீங்கிவிட்டது. வெளியில் எக்ஸ்ரே எடுத்திருந்தான். “எலும்பு நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க மேடம். ஆனா படி எறங்குறப்போ கால் கழண்டு போற மாதிரி இருக்கு” என்றான். அலமாரியிலிருந்து கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியா ஒன்றை எடுத்து அதன் மேல்தளத்தைக் காட்டினேன். இரண்டு வழவழப்பான மேடைகளுக்கு நடுவே, முன்பக்கம் ஒரு சொரசொரப்பான திட்டு. முன் சிலுவை நார் தொடங்கும் இடம் அது. அங்கிருந்து மேலேறித் தொடை எலும்பின் உட்புறக் குழியில் ஒட்டுகிறது. டிபியா முன்னால் நழுவாமல் காப்பது அதன் வேலை. “எக்ஸ்ரேல இந்தத் திட்டு தெரியும்பா, இதுல ஒட்டியிருந்த நார் தெரியாது” என்று சொல்லி எலும்பியல் துறைக்கு அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் நார் அறுந்திருந்தது தெரிந்தது. மூட்டுக்குள் இருக்கும் அந்த நார் அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. தொடையின் பின்தசை நாணிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதே தடத்தில் புதிதாகக் கட்டினார்கள். அறுவை மருத்துவர் எலும்பில் துளை போட்ட இடங்கள், பழைய நார் ஊன்றியிருந்த அதே இடங்கள்தாம்.

குழந்தைகளில் இன்னொன்றைப் பார்ப்போம். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது சாக்கடையைத் தாண்ட ஒரே தூக்காகத் தூக்குவார்கள். பிள்ளை அலறும், அதற்குப் பிறகு அந்தக் கையை அசைக்காது. முன்னங்கையின் வெளிப்பக்க எலும்புக்கு மேலே வட்டமான தலை ஒன்று உண்டு. அதைச் சுற்றி வளையல் போல ஒரு நார் பிடித்திருக்கிறது. வளையத்தில் ஐந்தில் நான்கு பங்கு நார், ஒரு பங்கு மட்டுமே எலும்பு. சின்னப் பிள்ளைக்கு அந்தப் பிடி இன்னும் தளர்வுதான், இழுத்தால் எலும்புத் தலை கொஞ்சம் நழுவிவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி பேரனைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடிவந்தார். பிள்ளையைக் குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் முன்னங்கையைப் பக்குவமாகத் திருப்பி மடக்கினார். சற்று நேரத்தில் அதே கையை நீட்டிப் பிள்ளை பிஸ்கட் வாங்கிக்கொண்டது. “நான் எலும்பையே ஒடிச்சிட்டேன்னு நெனச்சேன்மா” என்றார் பாட்டி.

கணுக்காலில் டாலஸ் என்றோர் எலும்பு. உடம்பு முழுவதின் பாரத்தையும் காலிலிருந்து பாதத்துக்குக் கடத்துகிறது. ஆனால் அதில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை. எலும்புகளின் பொருத்தமும் நார்களும்தான் அதை வைத்திருக்கின்றன. உட்பக்கத்து நார் மிகத் தடித்தது. கால் வெளிப்பக்கம் மடங்கினால் அந்த நார் அறுவதற்குப் பதில் எலும்பு நுனியையே பெயர்த்துக்கொண்டு வரும். வெளிப்பக்கத்து நார்கள் மெலிந்தவை. படியில் தவறிப் பாதம் உட்பக்கம் மடிந்தால் முதலில் கிழிவது அவற்றில் முன்னால் இருக்கும் நார். நாம் சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பதில் பெரும்பாலானவை இந்தக் கிழிசல்தான்.

இதே கணுக்காலில் நம் வாழ்க்கைமுறையின் தடமும் இருக்கிறது. குத்துக்காலிட்டு உட்காரும்போது டிபியாவின் கீழ்நுனி டாலஸின் கழுத்தில் இடிக்கும். அந்தப் பழக்கம் நீண்டால் இரண்டிலும் சிறிய வழவழப்பான தளங்கள் உருவாகின்றன. லாகூரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹாவ்லக் சார்ல்ஸ், 1890-களில் பஞ்சாபியரின் கால் எலும்புகளில் இவற்றை விரிவாகப் பதிவு செய்தார். என் பழைய செட்டின் டிபியாவிலும் அந்தத் தளம் தெளிவாக இருந்தது. களை பறித்தோ, பாத்திரம் விளக்கியோ, அடுப்பு ஊதியோ குந்தியே காலம் கழித்த யாரோ ஒருவருடையது.

எலும்பு வேறு, அதைக் கட்டும் நார் வேறு என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் செய்து காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. கீழ்க்காலின் மெல்லிய எலும்பான ஃபிபுலா ஒன்றை நீர்த்த அமிலத்தில் சில நாள் போட்டுவைத்தால் சுண்ணாம்புச் சத்து கரைந்துவிடும். வடிவம் மாறாது, ஆனால் எடுத்து முடிச்சுப் போடலாம். இன்னோர் எலும்பை நன்றாகச் சுட்டால் அதுவும் வடிவம் மாறாது, தொட்டால் பொடியாகும். முதலாவதில் மிஞ்சியது கொலாஜன் என்ற நார்ப்புரதம், இரண்டாவதில் மிஞ்சியது தாது உப்பு. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நார்ப்பொருள். லிகமென்டும் பெரும்பாலும் அதே கொலாஜன்தான். லிகமென்டின் இழைகள் எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதில்லை, எலும்புக்குள் நுழைந்து அதன் இழைகளோடு கலக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த வில்லியம் ஷார்ப்பியின் பெயரால் ஷார்ப்பி இழைகள் என்கிறோம். உடலில் நார் எங்கே முடிகிறது, எலும்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு போட முடியாது. எலும்புக்கூட்டில்தான் கம்பி தனி, எலும்பு தனி. காய்ந்த எலும்பில் நாம் தடவும் ஒவ்வொரு சொரசொரப்பும் அந்தக் கலப்பு நடந்த இடம்.

பிளாஸ்டிக் எலும்புகள் மேல் எனக்கு இருக்கும் குறை இந்த ஒன்றுதான். இன்று எலும்பு கிடைப்பது அரிது, விலையும் அதிகம். பிளாஸ்டிக் செட் சுத்தமானது, பாட்டிகள் திண்ணையில் நிறுத்த மாட்டார்கள். பெயர் படிக்க, வலம் இடம் பார்க்க அது போதும். ஆனால் மலிவான அச்சில் அந்தச் சொரசொரப்புகள் மழுங்கிப்போகின்றன, குந்திய தடம் இருக்காது, ஓர் ஆளுக்கும் இன்னோர் ஆளுக்கும் வித்தியாசம் இருக்காது. பிளாஸ்டிக்கில் மட்டும் படித்த பிள்ளைக்கு எலும்பு வழவழப்பான ஒரு பொருளாகவே மனதில் பதிகிறது. துறையில் உண்மையான எலும்பு ஒரு செட் இருந்தாலும் போதும், அதை அலமாரியில் பூட்டிவைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கண்ணை மூடித் தடவச் சொல்லுங்கள் என்று எனக்குப் பின்னால் வந்த ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டேன். சிலர் செய்கிறார்கள்.

மருத்துவம் படிக்காதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. முறிந்த எலும்பு புது எலும்பாகவே ஆறுகிறது, காலப்போக்கில் முறிந்த தடமே தேடவேண்டியதாகிவிடும். கிழிந்த லிகமென்டுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது தழும்பாகத்தான் ஆறும், பழைய பலம் முழுதும் திரும்பாமலும் போகலாம். ஆனால் நம் வீடுகளில் “எலும்பு ஒடியல” என்று கேட்டதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த வாரமே அதே காலில் வண்டி உதைக்கிறோம், அதே மூட்டு திரும்பத் திரும்பப் பிசகுகிறது. கீழே விழுந்தவரை அழைத்துக்கொண்டு போனால் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். “நார் எதுவும் கிழிஞ்சிருக்கா டாக்டர்? எத்தனை நாள் ஊன்றக் கூடாது? பயிற்சி எப்போது தொடங்கணும்?” என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். நல்ல மருத்துவர் மூட்டைக் கையால் அசைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார்.